காரணம் காணும் கலை

நுழையும்முன்

எந்திரம் இயங்க மறுக்கும்போது அதன்மீது சினம் கொள்வோர் உண்டு. கைக்கு எட்டிய உறுப்பை மாற்றிப் பார்ப்போரும் உண்டு. வினாக்களை வரிசையாக எழுப்பி, ஒவ்வொரு விடையையும் அளந்து அறிந்து, பழுது இருக்கும் இடத்தைக் கண்டறிவோர் சிலரே. கிளம்பாத ஓர் ஊர்தியை முன்வைத்து அச்சிலரின் அறிவுமுறையை இப்பாடம் விளக்குகிறது.

விடியலில் நின்ற வண்டி

கரந்தமலைக்கும் அழகர்மலைக்கும் இடைப்பட்ட நிலத்தில் அமைந்த ஊர் நத்தம். மாந்தோப்புகளும் புளியந்தோப்புகளும் சூழ்ந்த இவ்வூர், ஆயத்த ஆடைத் தையலுக்கும் பெயர்பெற்றது. மதுரையும் திண்டுக்கல்லும் இங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. மாம்பழப் பருவத்தில் விடிவதற்கு முன்பே சரக்கு வண்டிகள் சாலையில் இறங்கிவிடும். சந்தைக்கு முதலில் சேரும் கூடைக்கு ஒரு விலை. வெயில் ஏறிய பின் சேரும் கூடைக்கு வேறொரு விலை.

அத்தகைய வைகாசி விடியல் ஒன்றைக் கருதிக் கொள்ளலாம். தோப்பு வாசலில் சிறிய சரக்கு வண்டி ஒன்று நிற்கிறது. பழக்கூடைகள் ஏற்றப்பட்டுவிட்டன. இளைஞரான ஓட்டுநர் சாவியைத் திருப்புகிறார். 'டக்' என்று ஒரே ஓர் ஒலி, அதன்பின் அமைதி. மீண்டும் திருப்புகிறார், மீண்டும் அதே ஒலி. கூடியிருந்தோரிடம் கருத்துக்குப் பஞ்சமில்லை. பேட்டரி போய்விட்டது என்கிறார் ஒருவர். செல்ஃப் மோட்டாரை மாற்ற வேண்டும் என்கிறார் மற்றொருவர். ஆளுக்கு ஒரு கை கொடுத்துத் தள்ளிவிடலாம் என்கிறார் மூன்றாமவர். ஓட்டுநரின் முகத்தில் கவலை படர்கிறது. இதே குறைக்காக இரண்டு மாதங்களுக்கு முன்புதான் அவர் கடன் வாங்கிப் புதிய பேட்டரி பொருத்தியிருந்தார். சில நாள்கள் ஓடிய வண்டி இப்போது மறுபடியும் நின்றுவிட்டது.

ஊரில் மின்பட்டறை நடத்தும் பெரியவர் வந்து சேர்கிறார்.

"அண்ணே, பேட்டரி வாங்கி ரெண்டு மாசந்தான் ஆகுது. அதுக்குள்ள போயிருச்சுண்ணே."

"பேட்டரி போச்சுன்னு வண்டி சொல்லுச்சா, நீயாச் சொல்றியா தம்பி?"

அப்பெரியவர் கருவிப் பையைத் திறக்கவில்லை. முதலில் வினவத் தொடங்கினார். முகப்பு விளக்கு எரிகிறதா? சாவியைத் திருப்பும்போது விளக்கின் ஒளி குறைகிறதா? ஒலி ஒருமுறை கேட்கிறதா, தொடர்ந்து கேட்கிறதா? நேற்று மாலை வண்டி எப்படிக் கிளம்பியது? இவ்வினாக்களின் வரிசையிலேதான் அவருடைய கலை அடங்கியிருக்கிறது. அவ்வரிசையை அறிய, ஊர்தியைத் தொடக்கும் முறையின் வரலாற்றையும் இயக்கத்தையும் முதலில் அறிதல் வேண்டும்.

கைச்சுழற்றியிலிருந்து விசைப்பொத்தானுக்கு

எஞ்சின் தானாகத் தொடங்குவதில்லை. முதல் சில சுற்றுகளுக்குப் புறத்தேயிருந்து ஒரு விசை அதனைச் சுழற்ற வேண்டும். தொடக்கக் கால ஊர்திகளில் இப்பணியை மனிதக் கையே செய்தது. வளைந்த இரும்புத் தண்டினை ஊர்தியின் முன்புறம் செருகி வலிந்து சுழற்றுவர். 'ஹேண்டில் அடித்தல்' என்று நம்மவர் இதனைக் குறிப்பிட்டனர். எஞ்சின் சிலவேளை எதிர்த்திசையில் உதைத்துத் திரும்பும். அப்போது தண்டினைப் பிடித்தவரின் மணிக்கட்டோ பெருவிரலோ முறிந்துவிடும். பெருவிரலைத் தண்டின் மறுபுறம் வளைக்காமல், மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்க வேண்டும் என்பது அக்காலத்தில் கற்பிக்கப்பட்ட முதற்பாடம்.

இத்துன்பத்தைப் போக்கியவர் அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங். பணப்பதிவு எந்திரத்துக்கு மின்மோட்டார் பொருத்தி அவர் முன்பே பட்டறிவு பெற்றிருந்தார். தொடர்ந்து இயங்க வேண்டிய மோட்டார் பெரிதாக இருத்தல் வேண்டும். சில நொடிகள் மட்டும் இயங்க வேண்டிய மோட்டாரோ சிறிதாக இருந்தும் பெருஞ்சுமையைத் தாங்கும். இவ்வுண்மையை ஊர்திக்குப் பயன்படுத்தி அவர் உருவாக்கிய மின்தொடக்கி, 1912ஆம் ஆண்டின் காடிலாக் மகிழுந்துகளில் இடம்பெற்றது.

அம்மோட்டாருக்கு ஆற்றல் தந்த பேட்டரியோ அதற்கு அரை நூற்றாண்டு முற்பட்டது. பிரான்சு நாட்டு அறிஞர் காஸ்டன் பிளான்டே 1859இல் காரீய அமில மின்கலத்தை உருவாக்கினார். மீண்டும் மீண்டும் மின்னேற்றிப் பயன்படுத்தத்தக்க முதல் மின்கலம் அதுவே. 1881இல் காமில் ஃபோர் என்பவர் காரீயத் தகடுகளின்மீது பசைபோன்ற காரீயச் சேர்மத்தைப் பூசி அதன் கொள்திறனை உயர்த்தினார். இன்றைய ஊர்திப் பேட்டரிகளுள் பெரும்பாலானவை அம்முறையின் வளர்ச்சியே ஆகும்.

தெரிந்து தெளிவோம்

நத்தத்திலிருந்து கிழக்கே கொட்டாம்பட்டி, சிங்கம்புணரி, திருப்பத்தூர் வழியாகச் சென்றால் காரைக்குடியை அடையலாம். மின்கலங்களைப் பற்றிய ஆய்வில் புகழ்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அங்கு அமைந்துள்ளது. வள்ளல் அழகப்பர் இதற்கென 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். 1948ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் நேரு அடிக்கல் நாட்டினார். 1953ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் இராதாகிருட்டிணன் நிறுவனத்தைத் திறந்துவைத்தார்.

பேட்டரியின் உள்ளே

மின்கலங்கள் பல சேர்ந்தது மின்கல அடுக்கு. மக்கள் வழக்கில் இது பேட்டரி எனப்படுகிறது. ஊர்தியின் 12 வோல்ட் பேட்டரியில் ஆறு மின்கலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். எனவே முழுமையாக மின்னேறிய பேட்டரி ஓய்வு நிலையில் 12.6 வோல்ட்டைக் காட்டும்.

மின்கலத்தின் நேர்முனைத் தகட்டில் காரீய டை ஆக்சைடும், எதிர்முனைத் தகட்டில் நுண்துளைகள் நிறைந்த காரீயமும் உள்ளன. இரண்டும் நீர்த்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கும். மின்னோட்டம் வெளியேறும்போது இருவகைத் தகடுகளும் காரீய சல்பேட்டாக மாறுகின்றன. அமிலத்தின் அடர்வு குறைந்து நீரின் அளவு கூடுகிறது. மின்னேற்றும்போது இவ்வினை பின்னோக்கி நடைபெற்றுத் தகடுகள் பழைய நிலையை அடைகின்றன. இறங்கிய பேட்டரியை நெடுநாள் அப்படியே விட்டுவைத்தால் காரீய சல்பேட் கெட்டிப்பட்டுப் படிகமாகிவிடும். பின்னர் எவ்வளவு மின்னேற்றினாலும் அது முழுமையாகக் கரைவதில்லை. நெடுநாள் ஓடாத வண்டியின் பேட்டரி விரைவில் கெடுவதற்கு இதுவே காரணம்.

சாவி திரும்பும்போது நிகழ்வது

சாவியைத் திருப்பியதும் சிறிய மின்னோட்டம் ஒன்று தொடக்கி மோட்டாரின்மேல் அமைந்த வரிச்சுருளுக்குச் செல்கிறது. வரிச்சுருள் மின்காந்தமாகி உள்ளிருக்கும் இரும்புத் தண்டினை இழுக்கிறது. அத்தண்டு ஒரே நேரத்தில் இரு பணிகளைச் செய்கிறது. மோட்டாரின் சிறு பற்சக்கரத்தை எஞ்சினின் பெரிய பல்வளையத்தோடு பொருத்துகிறது. தடித்த செம்புத் தொடுமுனைகளை இணைத்துப் பேட்டரியின் பெருமின்னோட்டத்தை மோட்டாருக்குத் திறந்துவிடுகிறது. 'டக்' என்னும் ஒலி அப்போது எழுவதே.

மகிழுந்து ஒன்றைத் தொடக்க 100 முதல் 200 ஆம்பியர் வரையில் மின்னோட்டம் தேவைப்படும். டீசல் எஞ்சினுக்கு இதனினும் மிகுதியாக வேண்டும். முகப்பு விளக்கு ஒன்றுக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 5 ஆம்பியர் மட்டுமே. இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மனத்தில் கொண்டால் பாதிப் பழுதுகள் விளங்கிவிடும். எஞ்சின் ஓடத் தொடங்கியபின், பட்டறையில் டைனமோ என்று இன்றும் அழைக்கப்படும் ஆல்டர்னேட்டர் மின்சாரத்தை ஆக்கி, செலவான ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்பித் தருகிறது.

ஒலி உணர்த்தும் குறிகள்

மருத்துவர் நாடி பார்ப்பதுபோல் மின்பணியாளர் ஒலியைக் கேட்கிறார். ஒவ்வோர் ஒலியும் பழுதின் இடத்தைச் சுட்டும் குறியாகும்.

'டக் டக் டக்' என்று விரைவாகத் தொடர்ந்து ஒலித்தால் பேட்டரியில் ஆற்றல் குறைந்திருக்கலாம். அல்லது அதன் முனைகள் தளர்ந்திருக்கலாம். வரிச்சுருள் தொடுமுனையை இணைத்ததும் மின்னழுத்தம் வீழ்கிறது. அதனால் காந்தவிசை குன்றித் தண்டு பின்வாங்குகிறது. அழுத்தம் சற்று மீண்டதும் தண்டு மறுபடியும் இழுக்கப்படுகிறது. இச்சுழலே தொடர் ஒலியாகக் கேட்கிறது.

ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டு, விளக்கும் ஒளி குறையாமல் எரிந்தால், வரிச்சுருள் இயங்குகிறது. ஆயினும் பெருமின்னோட்டம் மோட்டாரைச் சென்றடையவில்லை என்பது பொருள். தொடுமுனை தேய்ந்திருக்கலாம், மோட்டாரின் கரித்துண்டுகள் தேய்ந்திருக்கலாம், இணைப்புக் கம்பிகளில் தடை ஏற்பட்டிருக்கலாம்.

ஒலியே இல்லை, விளக்கு மட்டும் நன்றாக எரிகிறது என்றால், வரிச்சுருளுக்கே மின்சாரம் செல்லவில்லை. சாவியின் விசை, ஃபியூஸ், ரிலே, கிளட்ச்சை மிதித்தால்தான் தொடக்க விடும் பாதுகாப்பு விசை ஆகியவற்றை வரிசையாக ஆராய வேண்டும்.

மோட்டார் மட்டும் 'விர்' என்று வெறுமனே சுழன்று எஞ்சின் அசையாதிருந்தால் பற்சக்கரம் பொருந்தவில்லை. எஞ்சின் நன்றாகச் சுழன்றும் உயிர்பெறாவிடில் குறை பேட்டரியில் இல்லை. எரிபொருள் வரத்திலோ தீப்பொறியிலோ அதனைத் தேட வேண்டும். "செல்ஃப் அடிக்குது, வண்டி எடுக்கல" என்றும், "செல்ஃபே அடிக்கல" என்றும் ஓட்டுநர்கள் பிரித்துச் சொல்வது இவ்வேறுபாட்டையே குறிக்கிறது. வழக்குச்சொற்களாயினும் இவை பழுதை இருபெரும் பிரிவாகப் பகுத்துவிடும் துல்லியம் உடையவை.

அளவி கூறும் உண்மை

குறிகள் ஐயத்தை எழுப்பும். அளவுகளே அதனைத் தீர்க்கும். மல்டிமீட்டர் எனப்படும் பல்நோக்கு அளவி ஒன்றிருந்தால் மூன்று நிலைகளில் பேட்டரியைச் சோதிக்கலாம்.

முதலாவது, ஓய்வு நிலை. எஞ்சினை நிறுத்திச் சில மணிநேரம் கழித்து முனைகளுக்கிடையே அளக்க வேண்டும். 12.6 வோல்ட் முழு மின்னேற்றத்தையும், 12.4 முக்கால் பங்கையும், 12.2 பாதியையும், 12.0 கால் பங்கையும் ஏறத்தாழக் காட்டும். 11.8 அல்லது அதற்குக் கீழெனில் பேட்டரி தீர்ந்துவிட்டது எனலாம்.

இரண்டாவது, சுமை நிலை. தொழுவத்தில் நிற்கும் மாட்டின் வலிமை பாரம் இழுக்கும்போதுதான் வெளிப்படும். பேட்டரியும் அத்தகையதே. முழுமையாக மின்னேறிய பேட்டரி, எஞ்சினைச் சுழற்றும்போது ஏறத்தாழ 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்குதல் கூடாது. ஓய்வில் 12.6 காட்டிச் சுமையில் 7 அல்லது 8ஆக வீழ்ந்தால், அதன் தகடுகள் நலிந்துவிட்டன என்று கொள்ளலாம்.

மூன்றாவது, மின்னேற்ற நிலை. எஞ்சின் ஓடும்போது முனைகளில் பொதுவாக 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருத்தல் வேண்டும். ஓய்வு நிலை அளவிலிருந்து உயரவே இல்லையெனில் ஆல்டர்னேட்டரோ அதன் வார்ப்பட்டையோ பழுதுபட்டிருக்கலாம். அந்நிலையில் புதிய பேட்டரி வாங்குவது ஊற்று அடைபட்ட கிணற்றில் புதிய வாளியை இறக்குவது போன்றதாகும்.

மூடி திறக்கத்தக்க பேட்டரிகளில் ஹைட்ரோமீட்டர் கொண்டு அமிலத்தின் ஒப்படர்த்தியையும் காணலாம். முழு மின்னேற்றத்தில் அது 1.25க்கு மேல் இருக்கும். தீர்ந்த நிலையில் 1.15ஐ ஒட்டி இறங்கும். ஐந்து மின்கலங்கள் ஒத்த அளவினவாக இருந்து, ஒன்று மட்டும் மிகத் தாழ்ந்திருந்தால் அம்மின்கலமே கெட்டது என அறியலாம்.

இரவில் நிகழும் இழப்பு

மாலையில் நன்றாகக் கிளம்பிய வண்டி மறுநாளோ மூன்றாம் நாளோ கிளம்பாதிருப்பதும் உண்டு. நிறுத்தப்பட்ட நிலையிலும் ஏதோ ஓர் உறுப்பு மின்சாரத்தை உறிஞ்சுவதே அதற்குக் காரணமாக இருக்கலாம். கதவை மூடியும் அணையாத 5 வாட் உள்விளக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 12 வோல்ட்டில் அது ஏறத்தாழ 0.42 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். மூன்று நாள்களில், அதாவது 72 மணிநேரத்தில், அதன் இழப்பு 30 ஆம்பியர்–மணி. 60 ஆம்பியர்–மணி கொள்திறன் கொண்ட பேட்டரியில் இது சரிபாதி. வயது முதிர்ந்த பேட்டரியானால் எஞ்சினைச் சுழற்ற இயலாமற்போக இவ்விழப்பே போதும்.

கடிகாரம், திருட்டு எச்சரிப்பு முதலியவற்றுக்காகச் சிறிதளவு மின்னோட்டம் எப்போதும் செல்லும். அது 0.05 ஆம்பியரைத் தாண்டாதிருத்தல் பொதுவான அளவு. மிகுந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும். எந்த ஃபியூஸை எடுத்ததும் மின்னோட்டம் குறைகிறதோ, அந்தச் சுற்றிலேதான் இழப்பு நிகழ்கிறது.

வெயிலின் வேலை

குளிர்நாடுகளில் பேட்டரி பனிக்காலத்தில் கைவிடும். குளிரில் அதன் வேதிவினை மந்தமாவதே காரணம். திண்டுக்கல், நத்தம் போன்ற சமவெளிகளில் நிலைமை வேறு. இங்கே பேட்டரியின் ஆயுளைக் குறைப்பது வெப்பம். வெப்பநிலை ஏறத்தாழ 10 செல்சியஸ் உயரும்போது வேதிவினைகளின் வேகம் இருமடங்காகும் என்பது பொதுவிதி. தகடுகளை அரிக்கும் வினைகளுக்கும் இது பொருந்தும். அமிலத்திலுள்ள நீரும் விரைந்து ஆவியாகிறது. தகடுகளின் மேற்பகுதி வெளியே தெரிந்தால் அப்பகுதி பயனற்றுப் போகும். ஆதலால் கோடையில் அமில மட்டத்தை அடிக்கடி பார்த்து, காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்ற வேண்டும். கிணற்று நீரிலும் குழாய் நீரிலும் உள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். குறைந்தது நீரே ஆதலின் அமிலம் ஊற்றுதல் தவறு.

முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூக்கும் படிவு மின்னோட்டத்தைத் தடுக்கும். ஆப்பச்சோடா கரைத்த நீரால் அதனைக் கழுவித் துடைத்து, முனைகளை இறுக்கியபின் மேலே வாசலின் தடவுவது நற்பழக்கம். கழுவும் நீர் மின்கலத்தின் உள்ளே புகாதவாறு மூடிகள் இறுகியிருத்தல் வேண்டும்.

காக்க வேண்டியவை

மின்னேறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வளி வெளியேறும். சிறுபொறியும் அதனை வெடிக்கச் செய்துவிடும். ஆதலால் தீக்குச்சி வெளிச்சத்தில் அமில மட்டம் பார்த்தல் கூடாது. மோதிரம், காப்பு முதலியவற்றைக் கழற்றிவிட வேண்டும். கம்பிகளைக் கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பூட்டும்போது அதனைக் கடைசியிலும் கையாள வேண்டும். எதிர்முனை இணைந்திருக்கையில் நேர்முனையில் வைத்த திருகுச்சாவி வண்டியின் உடற்பகுதியைத் தொட்டால் பெரும்பொறி பறக்கும். அமிலம் கண்ணில் தெறித்தால் உடனே தூய நீரால் நெடுநேரம் கழுவி மருத்துவரை நாட வேண்டும்.

மற்றொரு வண்டியின் பேட்டரியிலிருந்து உதவி பெறும்போதும் வரிசை உண்டு. சிவப்புக் கம்பியின் ஒரு நுனியை இறங்கிய பேட்டரியின் நேர்முனையிலும், மறுநுனியை நல்ல பேட்டரியின் நேர்முனையிலும் இணைக்க வேண்டும். கறுப்புக் கம்பியின் ஒரு நுனியை நல்ல பேட்டரியின் எதிர்முனையில் இணைத்து, மறுநுனியைக் கிளம்பாத வண்டியின் எஞ்சினில், பேட்டரிக்கு எட்டத்தில் உள்ள வெறும் உலோகப் பகுதியில் பற்றவைக்க வேண்டும். கடைசி இணைப்பில் எழும் பொறி வளி சூழ்ந்த இடத்தில் எழாதிருக்கவே இவ்வேற்பாடு. எஞ்சின் ஓடும்போது பேட்டரிக் கம்பியைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழைய வழக்கத்தையும் கைவிட வேண்டும். மின்னணுக் கருவிகள் நிறைந்த இன்றைய வண்டிகளில் அதனால் ஏற்படும் இழப்பு பெரிது.

தெரிந்து தெளிவோம்

கோவை மாவட்டம் கலங்கலில் 1893இல் பிறந்த ஜி. டி. நாயுடு, இளமையில் தாம் வாங்கிய மோட்டார் சைக்கிளைப் பகுதி பகுதியாகப் பிரித்து மீண்டும் பூட்டியே எந்திர நுட்பம் கற்றார். 1920இல் பொள்ளாச்சிக்கும், இன்று திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள பழனிக்கும் இடையே பேருந்து ஒன்றைத் தாமே ஓட்டித் தொழில் தொடங்கினார். பிரித்துப் பார்க்கும் ஆர்வமே அவருடைய கண்டுபிடிப்புகளுக்கு வித்தாயிற்று.

மீண்டும் தோப்பு வாசலில்

நத்தத்துப் பெரியவரின் வினாக்களுக்கு விடைகள் கிடைத்துவிட்டன. ஒரே ஒரு 'டக்'. விளக்கு ஒளி குறையாமல் எரிகிறது. பேட்டரி முனைகளில் அளவியை வைத்தார், 12.6 வோல்ட். ஓட்டுநரைச் சாவியைத் திருப்பச் சொன்னார், அப்போதும் 12.2. பெருமின்னோட்டம் பாய்ந்திருந்தால் அளவு இதனினும் தாழ்ந்திருக்க வேண்டும். எனவே பேட்டரி குற்றமற்றது; மின்னோட்டத்தை இடையில் ஏதோ ஒன்று தடுக்கிறது.

அடுத்து அளவியின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும், மறுமுனையை எஞ்சினின் உலோக உடலிலும் வைத்தார். நல்ல இணைப்பாயின் சாவி திரும்பும்போது அங்கே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டுதல் கூடாது. அளவி 6 வோல்ட்டைக் காட்டியது.

"பாத்தியா தம்பி, பாதிச் சாமான் வழியிலேயே இறங்கிருச்சு. எர்த்துதான்."

எஞ்சினையும் வண்டியின் அடிச்சட்டத்தையும் இணைக்கும் எர்த் பட்டையின் அடியில் துரு படிந்திருந்தது. அத்துருவின் மின்தடை மிகச் சிறியதே. ஓமின் விதிப்படி கணக்கிட்டால் அதன் விளைவு விளங்கும். 0.05 ஓம் தடையின் வழியே 5 ஆம்பியர் சென்றால் இழப்பு 0.25 வோல்ட், விளக்கு அதனை உணராது. அதே தடையின் வழியே 100 ஆம்பியர் செல்ல முயன்றால் இழப்பு 5 வோல்ட், மோட்டார் சுழலாது. நன்றாக எரியும் விளக்கும் சுழலாத மோட்டாரும் ஒரே வண்டியில் இருக்க முடிவது இதனால்தான். புதிய பேட்டரி பொருத்தியபோது முன்னைவிடச் சற்று மிகுந்த அழுத்தம் கிடைத்ததால் வண்டி சிலநாள் ஓடியது. துரு வளர்ந்ததும் பழைய குறை தலைதூக்கியது. அன்று மாற்றப்பட்ட பழைய பேட்டரியும் ஒருவேளை நல்லதாகவே இருந்திருக்கலாம்.

பெரியவர் பட்டையைக் கழற்றினார். உப்புத்தாளால் உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்தார். மீண்டும் இறுகப் பூட்டினார். சாவி திரும்பியதும் எஞ்சின் ஓடத் தொடங்கியது. ஓடும் நிலையில் பேட்டரி முனைகளை மறுபடியும் அளந்தார், 14.2 வோல்ட். குறை தீர்ந்ததென்று தெரிந்தபின்னும் மின்னேற்றத்தைச் சரிபார்த்த பின்னரே அளவியை மடக்கினார். பழக்கூடைகள் வெயில் ஏறுமுன் மதுரைச் சாலையில் சென்றன.

அறிவும் பொறுப்பும்

நோயையும் அதன் காரணத்தையும் அதைத் தணிக்கும் வழியையும் முறையே ஆராய்ந்து செயற்படுமாறு திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவருக்கு அறிவுறுத்துகிறது. பட்டறைக்கும் அதுவே வழி. குறி ஒன்று, காரணங்கள் பல. ஒவ்வொரு காரணத்தையும் ஒரு சோதனையால் நீக்கிக்கொண்டே வந்தால் எஞ்சி நிற்பது உண்மைக் காரணமாகும். முதலில் தோன்றியதையே முடிவாகக் கொள்பவர் பொருளை இழக்கிறார்; அப்பொருள் கடனாகப் பெற்றதாயின் அமைதியையும் இழக்கிறார்.

இழப்பு ஒருவரோடு முடிவதில்லை. தேவையின்றி மாற்றப்படும் ஒவ்வொரு பேட்டரியும் காரீயத்தையும் அமிலத்தையும் சுமந்து நிற்கிறது. காரீயம் நரம்புகளைத் தாக்கும் நஞ்சு. வளரும் குழந்தைகளுக்கு அது மேலும் கொடியது. பழைய பேட்டரியை உடைத்துத் திறந்தவெளியில் உருக்குவோர் காற்றையும் மண்ணையும் நீரையும் கெடுக்கின்றனர். பயன்படுத்திய பேட்டரிகளை உரிய முறையில் திரும்பப் பெறுவதற்காக இந்திய அரசு 2001இல் விதிகளை வகுத்தது. அவற்றுக்கு மாற்றாக 2022இல் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளைக் கொண்டுவந்தது. பழைய பேட்டரியை விற்பனையாளரிடமே திருப்பித் தருவது குடிமக்களின் கடமை. கெடாத பேட்டரியைக் கழிவாக்காமல் காப்பது அதற்கும் முந்திய கடமை.

அளவியும் உப்புத்தாளும் எளிய பொருள்கள். அவற்றைப் பிடிக்கும் கை, "ஏன்?" என்னும் வினாவோடு தொடங்கும்போது எளிய தொழிலும் அறிவியலாகிறது. நின்றுபோன எதனையும் இயக்க விரும்புவோர் முதலில் செய்ய வேண்டியது, சற்று நின்று காரணம் காண்பதே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் ஊர்தி மின்பணி செய்யும் ஒருவரைச் சந்தித்து, அவர் பயன்படுத்தும் தொழிற்சொற்களைத் தொகுத்து, அவற்றுக்குரிய பொருளை எழுதுக.
2. வீட்டில் பழுதுபட்ட எளிய கருவி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் பழுதுக்குரிய காரணங்களை வரிசைப்படுத்தி வகுப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. சாவியைத் திருப்பியதும் 'டக் டக் டக்' என விரைவாகத் தொடர்ந்து ஒலி கேட்பது உணர்த்துவது
அ) எரிபொருள் இன்மை ஆ) பேட்டரியின் ஆற்றல் குறைவு இ) ஃபியூஸ் எரிந்தமை ஈ) பற்சக்கரம் பொருந்தாமை

2. மீண்டும் மின்னேற்றத்தக்க காரீய அமில மின்கலத்தை உருவாக்கியவர்
அ) கெட்டரிங் ஆ) காமில் ஃபோர் இ) காஸ்டன் பிளான்டே ஈ) ஜி. டி. நாயுடு

குறுவினா

1. பேட்டரியில் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்ற வேண்டும் என்பதற்குக் காரணம் யாது?
2. கம்பிகளைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்றுவது ஏன்?

சிறுவினா

1. முகப்பு விளக்கு நன்றாக எரிந்தும் தொடக்கி மோட்டார் சுழலாமைக்குரிய காரணத்தை ஓமின் விதி கொண்டு விளக்குக.
2. 'தொழுவத்தில் நிற்கும் மாட்டின் வலிமை பாரம் இழுக்கும்போதுதான் வெளிப்படும்' – இவ்வுவமையைப் பேட்டரிச் சோதனையோடு பொருத்திக் காட்டுக.

நெடுவினா

'முதலில் தோன்றியதையே முடிவாகக் கொள்பவர் பொருளை இழக்கிறார்' – நத்தத்து வண்டியின் பழுது நீங்கிய முறையைச் சான்றாகக் கொண்டு இக்கருத்தை நிறுவுக.